ஒரு கை மா

குருமண்வெளித் துறையில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். என் பெரியம்மா அங்கேதான் இருக்கிறார். முருகன் கோயில் தீர்த்தத்துக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் கை நனைக்காமல் திரும்பிய வருடம் எனக்கு நினைவில் இல்லை. 2023 ஆவணியில் போனபோது, எனக்குக் கோதுமை குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் என்று தெரிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா முதல்நாளே போன் எடுத்துச் சொல்லியிருந்தார்: "புள்ளைக்கு மாச் சாமான் ஒண்டும் ஆகாது அக்கா. அரிசிச் சாப்பாடுதான் குடுக்கணும்."

பெரியம்மா விடியவே எழும்பி, சிவப்புப் பச்சையரிசியை ஊறப்போட்டு, மில்லுக்கு அனுப்பாமல் தானே உரலில் இடித்து, அரித்து, வறுத்து வைத்திருந்தார். எழுபத்தொரு வயது. நான் குசினிக்குள் போனபோது முதல் ஈடு அவிந்து இறங்கியிருந்தது. இரண்டாவது ஈட்டுக்கு மாவைக் குழைத்துக்கொண்டிருந்தார். சுடுதண்ணீரைத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறி, விரல்நுனியால் உதிர்த்து உதிர்த்து. பிறகு, என்னோடு கதைத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த ரின்னின் மூடியைத் திறந்து ஒரு கை வெள்ளை மாவை அள்ளிப் போட்டார். அந்தக் கை போனதையும் வந்ததையும் அவரே பார்க்கவில்லை.

"பெரியம்மா, அது என்ன?"

"எது? மா. ஒரு கை போட்டாத்தான் புட்டு மெதுவா வரும் புள்ள. இல்லாட்டிக் கல்லுப் போலக் கிடக்கும்."

"எனக்கு மா ஏலாது எண்டு அம்மா சொல்லல்லியா?"

"அதுக்குத்தானே அரிசிமாப் புட்டு அவிக்கிறன்!"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது அரிசிமாப் புட்டுத்தான். அவருடைய அம்மாவும் அப்படித்தான் அவித்திருப்பார். அன்று நான் தயிரும் கதலி வாழைப்பழமும் சாப்பிட்டேன். பெரியம்மா அதற்குப் பிறகு அதிகம் கதைக்கவில்லை. பாதையில் திரும்பி வரும்போது அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ அந்தப் புட்ட ஒருத்தருக்கும் வைக்கல்ல, கண்டியா. மூடி வச்சிட்டா."

இந்தக் கட்டுரையை அந்த ஒரு கை மாவுக்காகத்தான் எழுதுகிறேன். சீலியாக் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் பாணைத்தான் நினைக்கிறார்கள். பாண் கண்ணுக்குத் தெரியும், விலக்குவதும் சுலபம். எங்கள் ஊரில் எங்களை விழுத்துவது அரிசிச் சாப்பாட்டுக்குள் மறைந்திருக்கும் அந்த ஒரு கை.

கடைக்குப் போய் "ஒரு கிலோ மா தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் கோதுமை மாவை நிறுப்பார். அரிசி மா, குரக்கன் மா, உழுத்தம் மா எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெயர் வேண்டும். கோதுமைக்கு மட்டும் வேண்டாம். அது வெறும் "மா". மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் நெல் வட்டை. கோதுமை வயலை நாங்கள் படத்தில்தான் கண்டிருக்கிறோம். அது கப்பலில் வந்து திருகோணமலை ஆலையில் அரைபட்டு மூட்டையாக வருகிறது. வயதானவர்கள் சிலர் இன்னும் அதை "அமெரிக்கன் மா" என்கிறார்கள். அப்படி வந்த மா எங்கள் சொல்லுக்குள்ளேயும் புட்டுக்குள்ளேயும் குடியேறிவிட்டது. ஆகவே "மா சாப்பிடாதே" என்ற சொல் எங்கள் வீடுகளில் ஒருவருக்கும் முழுதாக விளங்குவதில்லை.

நான் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் இருக்கின்றன, அவை உறிஞ்சும் பரப்பைப் பெருக்குகின்றன என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். என்னுடைய சொந்தக் குடலில் அவை சாய்ந்து கிடந்த காலத்திலும், வெண்கட்டியால் அவற்றை நிமிர்ந்து நிற்கும்படி வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பத்து வருடம். வயிற்றுப் பொருமல், நாளுக்கு நாலைந்து தரம் வெளியே போவது, ஆறாத வாய்ப்புண், சீப்போடு வரும் முடி. எல்லாவற்றையும் விடப் பெரிது களைப்பு. மேல்மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவேன். ஹீமோகுளோபின் 8க்கு மேல் ஏறாது. இரும்புச்சத்துக் குளிசை எத்தனை போத்தல் முடித்தேன் என்று கணக்கில்லை. ஒரு டொக்டர் கேஸ்ட்ரைட்டிஸ் என்றார். இன்னொருவர் பூச்சி மருந்து தந்தார். மூன்றாமவர் "டீச்சர், நீங்க கூட யோசிக்கிறீங்க" என்றார். அந்த வசனத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதது நினைவிருக்கிறது. அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டுவித்தார்.

பிறகு 2022 வந்தது, இலங்கை பொருளாதார நெருக்கடியில் விழுந்த வருடம். எரிவாயு இல்லை, டீசல் இல்லை, மா விலை ஏறி ஏறிப் போனது. எங்கள் பக்கத்துப் பேக்கரி பூட்டிக் கிடந்தது. அப்பாவுக்கு வெல்லாவெளிப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. பசளை இல்லாமல் விளைச்சல் குறைந்தாலும் சாப்பாட்டுக்கு நெல் வந்தது. காலையில் பழஞ்சோறு, இல்லாவிட்டால் அவித்த மரவள்ளியும் சம்பலும். இரவில் சோறு. புட்டு அவித்தாலும் ஒரு கை மா போட வீட்டில் மா இல்லை. நாடே வரிசையில் வாடி நின்ற அந்த மாதங்களில் எனக்கு வயிறு அடங்கியது. மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். கிளினிக்கில் ஹீமோகுளோபின் 10.4 என்றார்கள். கடைசியில் குளிசை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பேக்கரி அடுப்புகள் மறுபடி எரிந்தன. நானும் மறுபடி விழுந்தேன். அந்த நேரம் புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் ஒருவர்தான் குளிசையைப் பற்றிக் கேட்காமல், "இடையில நல்லா இருந்த மாதங்கள்ள என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிராக உடல் செய்யும் பிறபொருளெதிரியைப் பார்க்கும் சோதனை அது. பிறகு கமரா விட்டுப் பார்த்து, சிறுகுடலின் தொடக்கத்தில் சின்னச் சின்னத் துண்டு எடுத்தார்கள். 2023 சித்திரையில் முடிவு கையில் வந்தது.

எனக்கு நடந்தது முன்பே ஒரு தேசத்துக்கு நடந்திருக்கிறது என்று பிறகு படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நெதர்லாந்தில் வில்லெம் கரல் டிக்கே என்று ஒரு குழந்தை வைத்தியர். சீலியாக் பிள்ளைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்ற ஐயம் அவருக்கு உலகப் போருக்கு முன்பே இருந்தது. 1944-45 மாரியில் அங்கே கடும் பஞ்சம். பாண் கிடைக்கவில்லை, கிழங்கும் கிடைத்ததும்தான் சாப்பாடு. மற்றவர்கள் மெலிந்துபோன அந்த மாதங்களில் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார். லண்டனில் சாமுவேல் கீ என்ற வைத்தியர் 1888லேயே இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணமாவதென்றால் சாப்பாட்டால்தான் என்று எழுதியிருந்தார். எந்தச் சாப்பாடு என்று கண்டுபிடிக்க இன்னும் அறுபது வருடம் வேண்டியிருந்தது. அந்த அறுபது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

நோயைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, றை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மரபணுவில் அதற்கான வாய்ப்பு உள்ள சிலருக்கு, அது குடலுக்குள் போனதும் உடலின் காவல் படை தன் குடலையே தாக்குகிறது. சடைமுளைகள் வெள்ளம் படுத்த வயல்போலச் சாய்கின்றன. இரும்பை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் தொடக்கம், முதலில் அடி விழுவதும் அங்கேதான். அதனால்தான் பலருக்கு வயிற்றை விடச் சோகை முந்திக்கொண்டு வருகிறது. சிலருக்கு எலும்பு நலிகிறது, சிலருக்குத் தோலில் கொப்புளம், பிள்ளைகளுக்கு வளர்த்தி நிற்கிறது. இது ஒவ்வாமையும் அல்ல, தொற்றும் அல்ல. மருந்தும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றுதான் வைத்தியம். உலகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். வட இந்தியாவில் கோதுமை உண்ணும் பக்கங்களில் அதிகம், தென்னிந்தியாவில் குறைவு. சோறு தின்னும் ஊர் என்பதால் எங்கள் பக்கத்து வைத்தியர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நினைவில் வைத்திருங்கள் என்று கேட்பேன்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே என் குசினி என்பது என் அம்மாவின் குசினி. நாற்பது வருடமாக அவர் ஆளும் இடம். அதில் போய், "அம்மா, இந்த நீத்துப்பெட்டி எனக்கு ஆகாது" என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று மாறிப்போய் மாமியார் வீட்டில் சமைப்பவர்களுக்கு விளங்காது. புட்டு அவிக்கும் அந்தப் பெட்டியின் ஓலைப் பின்னலுக்குள் பழைய மா ஏறி இறுகியிருக்கிறது, கழுவினால் போகாது. இடியப்பத் தட்டும் அப்படித்தான். அரிதட்டின் கம்பிக் கண்ணை ஒரு நாள் வெயிலில் தூக்கிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். மூலையெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அவர் வாங்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்தார். அன்று பின்னேரமே புது அரிதட்டு ஒன்று வந்தது. அதன் விளிம்பில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சிவப்பு நூல் கட்டிய பாத்திரம் எனக்கு.

ஒளிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது. தோசை மாவில் உழுந்தோடு கோதுமை மா கலப்பது எங்கள் வழக்கம். கடை இடியப்பத்தில் அவித்த கோதுமை மா. முறுக்கில் கொஞ்சம். சோயா சோஸ் கோதுமை சேர்ந்தது, எனவே கடை பிரைட் ரைஸும் டெவலும் இல்லை. மோல்ட் என்று பெயர் வருவதெல்லாம் பார்லி. கால் வீங்கினால், சலம் கடுத்தால் எங்கள் வீடுகளில் அவிக்கும் பார்லித் தண்ணியும் அதுதான். எனக்குச் சோகை என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு அரைப்பித்துத் தந்த சத்துமாவில் கோதுமையும் பார்லியும் இருந்தன. அதை இரண்டு வருடம் குடித்திருக்கிறேன். கடைசியில் அகப்பட்டது பெருங்காயத்தூள். கடையில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு மாதம் வயிறு அடங்காமல் இருந்ததற்குக் காரணம் ரசம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் பெரிது. பெட்டியைப் படித்திருக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட சாமான்களுக்காக "திரிங்கு" என்ற சொல்லை எழுத்துப் பழகிக்கொண்டேன், கோதுமைக்கு அதுதான் சொல். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் குளூட்டன் இல்லாத உணவு என்று எழுதக்கூடாது என்பது சர்வதேச உணவு விதி. அவ்வளவு சின்னக் கணக்கில் ஒரு கை மா எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மில்லையும் சொல்ல வேண்டும். ஒருவர் சத்துமா அரைப்பித்துப் போன அதே கல்லில் அடுத்ததாக எங்கள் அரிசி விழுகிறது. நான் போகும் மில்லில் உள்ள அண்ணனிடம் விசயத்தைச் சொன்னேன். மெசினைத் துடைத்து, முதலில் அவருடைய சொந்த அரிசி கொஞ்சத்தை ஓட்டி எடுத்துவிட்டு என்னுடையதைப் போடுகிறார். காலையில் முதல் ஆளாக வரச் சொல்லியிருக்கிறார். காசு கூட எடுப்பதில்லை.

கொழும்பு சுப்பர் மார்க்கட்டில் குளூட்டன் இல்லாத பிஸ்கட், பாண் மா என்று வெளிநாட்டுப் பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றை வாங்க முடியாமல் கவலைப்படும் தாய்மாரைப் பார்க்கிறேன். வாங்க வேண்டாம். நெல்லும் குரக்கனும் சோளமும் பயறும் உழுந்தும் மரவள்ளியும் வற்றாளையும் வாவி மீனும் எங்கள் தயிரும் இருக்கிற ஊரில் பிள்ளை பட்டினி கிடக்காது. புட்டு கல்லாகிவிடும் என்ற பெரியம்மாவின் பயத்துக்கும் வழி இருந்தது. மாவை நன்றாக வறுக்காமல் இளவறுப்பாக எடுத்து, கொதிநீரைச் சுருக்கித் தெளித்து, குழைத்ததைக் கால் மணித்தியாலம் மூடி வைத்து, பிறகு தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு அவித்தால் மெதுவாக வரும். எத்தனை தரம் கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தோம் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

கிளினிக்கில் உள்ள மிஸ் ஒருவர் ஒரு நாள் கேட்டார்: "டீச்சர், உங்கட வருத்தம் உள்ள ஆக்கள் வந்தா உங்கட நம்பரைக் குடுக்கட்டா?" குடுங்கள் என்றேன். இதுவரை ஏழு குடும்பம். அதில் முதலாவது குடும்பத்துக்கு நான் செய்த பிழையை இங்கே எழுதியாக வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு ராத்தா எடுத்தார். மகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயதுப் பிள்ளையின் உயரம், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும், 18 கிலோ. இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று சொல்லி அவரும் அழுதார். எனக்கு என் பத்து வருடமும் கண் முன்னால் வந்தது. சோதனை செய்தாரா என்று கேட்கவே இல்லை. "பாண், பிஸ்கட், மாச் சாமான் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க ராத்தா" என்றேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் சொன்னேன். அவர் ஒன்றும் விடாமல் செய்தார். மூன்று கிழமையில் பிள்ளை தேறத் தொடங்கினாள். ராத்தா துஆ கேட்டதாக வொய்ஸ் அனுப்பினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

நாலு மாதம் கழித்துப் பெரிய டொக்டரிடம் இடம் கிடைத்தது. இரத்தச் சோதனை சரியாக வந்தது. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் பிறபொருளெதிரி இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும், சோதனைக்கு அகப்படாது. வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். வாழ்நாள் முழுக்கக் கட்டுப்பாடு வேண்டிய விசயம், ஊகத்தில் விட முடியாது. ஆகவே பிள்ளை மறுபடி ஆறு கிழமை, நாளுக்கு ஒரு நேரத்துக்கு மேல், பாண் சாப்பிட வேண்டும்.

அந்த ஆறு கிழமையும் சனிக்கிழமைகளில் நான் அக்கரைப்பற்றுக்குப் போனேன். கல்லடியில் பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலம். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் கிழமை பிள்ளைக்குச் சந்தோசம், நாலு மாதமாகக் காணாத பாணும் சீனிச் சம்பலும். இரண்டாம் கிழமை போனபோது ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டாள், நடுப்பகுதியை உருட்டிக் கோப்பையின் கரையில் வரிசையாக வைத்தாள். உம்மா பார்த்ததும் ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கினாள். சுவரில் கலண்டர், அதில் நீலப் பென்சிலால் வெட்டிய நாட்கள். "டீச்சர், இன்னும் எத்தின நாள்?" என்று கேட்டாள். இருபத்தொன்பது என்றேன். என்னை ஏசவில்லை, தலையாட்டினாள். நான்காம் கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. வாய்க்குள் புண்.

முடிவு வந்த நாள் ராத்தா போன் எடுத்து, "இருக்காம் டீச்சர், நிச்சயமாம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஏன் அழுறீங்க? என்ர புள்ளக்கி என்ன எண்டு இப்பதான் சரியாத் தெரியும். நாளையில இருந்து பாண் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் மன்னித்தாலும் அந்தப் பாண் உருண்டைகளின் வரிசை என் கண்ணை விட்டுப் போகவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது சீலியாக்காக இருக்குமோ என்று ஐயம் இருந்தால், தயவுசெய்து சோதனைக்கு முன் மாவை நிறுத்தாதீர்கள். சோதனை முடிந்த அடுத்த நேரத்துச் சாப்பாட்டில் நிறுத்தலாம். உறுதியானால் தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். அவர்களில் பத்துக்கு ஒருவருக்கு வரும் வாய்ப்பு இருக்கிறது. என் தங்கச்சிக்கும் மகனுக்கும் இதுவரை இல்லை.

அந்த அக்கரைப்பற்றுப் பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. 29 கிலோ. நோன்பு காலத்தில் கஞ்சிக்குத் தடையில்லை, அது அரிசி. பக்கத்தில் வரும் சமூசாவும் ரோல்ஸும்தான் ஆகாது. பெருநாளுக்கு வட்டிலப்பம் இருக்கிறது, முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். "அது எனக்கெண்டே செஞ்ச சாப்பாடு" என்கிறாள்.

இன்னொரு குடும்பம் கத்தோலிக்கர்கள், வாவிக்கு வடக்கே கடற்கரைக் கிராமம். பையனுக்கு முதல் நன்மை வாங்கும் வருடம். நற்கருணை அப்பம் கோதுமை. தாய்க்கு அது வயிற்றுப் பிரச்சினையை விடப் பெரிய துக்கமாக இருந்தது. பங்குத் தந்தையிடம் சேர்ந்து போனோம். அவருக்குத் தெரிந்திருந்தது: குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குளூட்டன் மிகக் குறைத்த அப்பம் செல்லும் என்று 2017இல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் திரும்பவும் சொல்லியிருக்கிறது, அதுவும் ஏலாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். அப்பத்துண்டு விழாத தனிக் கிண்ணத்தில் கொடுப்பதாகத் தந்தை சொன்னார். பையன் வெள்ளை உடுப்போடு நின்ற படம் என் போனில் இருக்கிறது.

வீடு வீடாகப் போய்த்தான் நான் ஒன்றைப் படித்தேன். கடதாசியில் எழுதிக் கொடுக்கும் பட்டியல் வேலை செய்யாது. பட்டியலில் "கோதுமை மா கூடாது" என்று இருக்கும், தாய் "சரி" என்பார், கை தன்பாட்டில் ரின்னைத் திறக்கும். ஆகவே அந்த வீட்டுக் குசினியில் அவர் சமைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் நாள் நான் எதையும் சொல்வதில்லை, தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு பார்ப்பேன். கறிக்குத் தடிப்பு வர எதைக் கரைக்கிறார், மீன் பொரிக்க எதைத் தூவுகிறார், எந்தக் கரண்டி எந்தப் பானைக்குப் போகிறது. மூன்று நேரச் சமையல் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதை விடக் கடினம் வெளியே சாப்பிடுவது. கலியாணம், சாமத்தியம், அந்திரட்டி. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை மறுப்பது ஆளையே மறுப்பது மாதிரி. "வேணாம்" என்று சொன்னால் முகம் சுருங்கும். "எனக்கு ஏலாது, வருத்தம்" என்று சொன்னால் அந்த முகமே மாறி, "அப்ப என்ன புள்ள உனக்கு ஏலும்?" என்று கேட்கும். பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லைத்தான் பழக்குகிறேன்.

எனக்கு இப்போது ஹீமோகுளோபின் 12.6. போன வருடச் சோதனையில் பிறபொருளெதிரி வழமைக்கு வந்துவிட்டது.

பெரியம்மாவிடம் அடுத்த வருடத் தீர்த்தத்துக்கும் போனேன். குசினிக்குள் நான் கேட்க முன்பே மா ரின்னைத் தூக்கி வெளி விறாந்தையில் வைத்திருந்தார். "கை தானாப் போகுது புள்ள, அதால கிட்ட வைக்கல்ல" என்றார். புட்டு கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது. கருவாட்டுக் குழம்பை ஊற்றிக் குழைத்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் வாசலில் இருந்து நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று இரவு திருக்கோவிலில் இருந்து ஒரு தம்பி எடுத்தார். மனைவிக்குச் சோகையாம், வயிறாம், யாரோ சீலியாக் என்று சொன்னார்களாம், நாளையிலிருந்து பாணை நிறுத்தப் போகிறார்களாம். "நிப்பாட்ட வேணாம் தம்பி" என்றேன். "இரத்தம் குடுக்கும் மட்டும் நாளைக்கும் பாண் சாப்பிடச் சொல்லுங்க, நாளையிண்டைக்கும். கிளினிக்குக்கு எப்ப போறீங்க?" வியாழக்கிழமை என்றார். முடிவு வந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். புது அரிதட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நூல் இன்னும் சுற்றவில்லை.